ஜேக்கப்பின் தாயைத் தேடி இஷொய்யில் நாலு நாள்

டென்மார்க்குக்கு நான் போனது ஒரு சாமத்தியவீட்டுக்கு. இஷொய்யில் இருக்கும் என் சித்தப்பா மகள் வசந்தியின் கடைசிப் பெட்டை பெரியபிள்ளையாகிவிட்டாள். சனிக்கிழமைக்கு மண்டபம் எடுத்திருந்தார்கள். "அக்கா, நீங்கள் வராட்டி நான் செய்யேல்லை" என்று தொலைபேசியில் அழுதாள். பொய் அழுகைதான், ஆனாலும் வெளிக்கிட்டேன். பெட்டிக்குள் பட்டுச்சேலைக்கு மேலே, கசங்காதபடி ஒரு கடதாசி உறையில், அமெரிக்கச் சிப்பாய் ஒருவருடைய படத்தின் பிரதியும் வந்தது. அதற்குக் காரணம் என் வாய்.

நான் இருப்பது ஒஹாயோவில். அடுத்த வீட்டில் மிஸ் ஏர்னஸ்டீன் மிம்பா. கறுப்பினப் பெண்மணி, வயது எண்பத்தெட்டு, தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், கல்யாணம் கட்டவில்லை. அவருடைய மரத்து இலையெல்லாம் என் முற்றத்தில் விழுவதும், நான் புறுபுறுப்பதும், அவர் அதற்குத் தண்டமாக ஆப்பிள் பை சுட்டுத் தருவதுமாக எங்கள் உறவு இருபது வருடம் ஓடிவிட்டது. படத்தில் இருந்தவர் அவருடைய பூட்டன், ஜேக்கப் மிம்பா. அளவு பெரிதான சீருடை, கழுத்துவரை பொத்தான், யாரையும் நம்பாத பார்வை.

ஜேக்கப் பிறந்தது அடிமையாக. கரீபியன் கடலில் அப்போது டென்மார்க் அரசனுக்குச் சொந்தமாக இருந்த செயின்ட் குறோய் என்ற தீவில், ஒரு கரும்புத் தோட்டத்தில். நாலைந்து வயதில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அவரைக் கப்பலேற்றி, நியூ ஓர்லியன்ஸில் இருந்த தன் தமக்கைக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டான். பிள்ளையைப் பரிசாக! வெளியிலிருந்து அடிமைகளை அமெரிக்காவில் இறக்குவது அந்த நாளிலேயே சட்டத்துக்கு விரோதம். யார் கேட்டார்கள்? அங்கேயும் கரும்பு, அங்கேயும் சவுக்கு. உள்நாட்டுப் போர் வந்து வடக்கின் போர்க்கப்பல்கள் மிசிசிப்பி ஆற்றில் ஏறியபோது, ஒரு விடியற்காலை இன்னும் இரண்டு பேரோடு வாய்க்கால் வழியே நடந்து வடக்குப் படையின் முகாமில் போய் நின்றார். முதலில் மண்வெட்டி கொடுத்தார்கள், பிறகுதான் துப்பாக்கி.

படையில் பெயர் பதிந்த எழுத்தர், மற்றவர்களைப் போல எசமானின் பெயரையே பின்னால் போடவா என்று கேட்டாராம். "வேண்டாம். மிம்பா" என்றாராம் ஜேக்கப். பீரங்கிச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. போர் முடிய ஒஹாயோ வந்து செங்கல் சூளையில் வேலை செய்தார், பிள்ளை குட்டி பெற்றார். வயதான காலத்தில் படைவீரர் ஓய்வூதியம் கேட்கப் போனால், பிறந்த திகதிக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்களாம். அடிமைக்கு ஏதையா அத்தாட்சி? தீவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த விண்ணப்பத்தில் இருந்துதான் குடும்பத்துக்கும் அது தெரியும். மிம்பா என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. ஆபிரிக்காவில் ஒரு ஊர் என்று ஏதோ ஒரு மாமா சொல்லியிருக்கிறார்.

அவருடைய கல்லறைக் கல் இரண்டாக வெடித்துவிட்டது. தேவாலயக்காரர் புதுக் கல் வெட்டுவிக்கிறார்கள். பெயருக்குக் கீழே "இன்னாரின் மகன்" என்று ஒரு வரி போட வேண்டும் என்பது மிஸ் ஏர்னஸ்டீனின் ஆசை. வெள்ளிக்கிழமைக்குள் வாசகம் கொடுக்காவிட்டால் கல்வெட்டுகிறவன் அந்த வரி இல்லாமலே வெட்டிவிடுவான். இன்னும் பிந்தலாமே என்றேன். "தாவா, என் சிறுநீரகத்துக்கு நாள் சொல்லிவிட்டார்கள். நான் பிந்த முடியாது" என்றார். என் பெயர் தவமணி, அவருடைய வாயில் அது தாவா. பிறகு சொன்னார்: "அவருக்குப் பின்னால் எத்தனையோ பேர் வந்திருக்கிறோம். அவருக்கு முன்னால் ஒருத்தி கூட இல்லை. யாரோ ஒருத்தி அவரைப் பெற்றிருக்க வேண்டும்தானே?"

"டென்மார்க்தானே? தீப்பெட்டி அளவு நாடு. நான் தேடிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டேன். வாய்!

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினேன். இஷொய்யில் வசந்தியின் மாடிவீட்டைச் சுற்றி ஒரே மாதிரியான கட்டடங்கள். ஒக்டோபர் காற்று நேராகக் கடலில் இருந்து வந்து காதுக்குள் போகிறது. வசந்தி கறுப்புப் பாண் வெட்டி, மேலே கட்டைச்சம்பல் பூசி வைத்தாள். "இஞ்சத்தைப் பாண் அக்கா, வயித்துக்கு நல்லது." பல்லுக்கு நல்லதில்லை. சாமத்தியப் பெட்டை எனக்குத் தமிழில் "வணக்கம் பெரியம்மா" என்றாள், தாயுடன் டேனிஷில் ஐந்து நிமிடம் சண்டை பிடித்தாள், பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

திங்கட்கிழமை தனியாக நகரத்துக்குள் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். போகிற வழியிலேயே சைக்கிள் பாதையில் கால் வைத்துவிட்டேன். ஒரு வயதான மனிசி மணியை அடித்து ஏதோ கத்திக்கொண்டு போனாள். மொழி விளங்கவில்லை, ஏச்சு விளங்கியது. ஒஹாயோவில் சைக்கிள்காரன் காருக்குப் பயந்து ஓடுவான். இங்கே கார், நாய், நான் எல்லாருமே சைக்கிளுக்குப் பயப்பட வேண்டும்.

காப்பகத்தில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. ஆங்கிலத்தில் ஆறுதலாகக் கேட்டான். தீவு, தோட்டம், ஆள் எல்லாம் சொன்னேன். "நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?" என்றான். ஒஹாயோ என்றேன். அவன் முகம் பாவமாகப் போய்விட்டது. அந்தத் தீவுக் காகிதங்கள் எல்லாம் கணினியில் ஏற்றியாகிவிட்டதாம். வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாமாம்!

கோதாரி! என் சமையலறை மேசையில் இருந்து தேநீர் குடித்தபடி பார்த்திருக்கலாம். ஆனால் அவன் ஒரு பக்கத்தைத் திரையில் திறந்து காட்டியதும் என் கோபம் அடங்கிவிட்டது. அந்தக் கையெழுத்தை ஒஹாயோவில் அல்ல, சொர்க்கத்தில் இருந்து பார்த்தாலும் வாசிக்க முடியாது. கோழி கிளறிய முற்றம். பழைய டேனிஷ், பழைய எழுத்து. இப்போதைய டேனிஷ்காரருக்கே பிடிபடாதாம். வாசித்துத் தருகிற தொண்டர்கள் அடுத்த கிழமைதான் வருவார்கள் என்றான். அடுத்த கிழமை கல் வெட்டி முடிந்திருக்கும். ஜேக்கப் கப்பலேறிய காலத்தை ஒட்டி, அந்தத் தோட்டத்தின் மூன்று வருட அடிமைப் பட்டியல்களைப் பிரதி எடுத்துத் தந்தான். நன்றி சொல்லிவிட்டு ரயிலில் ஏறினேன். அங்கே ரயிலுக்கு ஏ, பி என்று எழுத்துதான் அடையாளம். எழுத்து மாறி ஏறி, கடைசி நிலையத்தில் போய் இறங்கி, குளிரில் நின்று வசந்திக்கு அழைத்தேன். அவள் சிரித்த சிரிப்பு!

"அக்கா, உந்தப் பழைய எழுத்து வாசிக்கிற ஒராள் எங்கட இல்லத்தில இருக்கிறார்" என்றாள் காரில். வசந்தி வேலை செய்வது புரொண்பியில் ஒரு முதியோர் இல்லத்தில். காலையில் எழுப்பிக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கிற வேலை. "ஹென்னிங் எண்டு பேர். தொண்ணூற்றொரு வயசு. முந்தி தேவாலயத்தில பிறப்பு இறப்பு எல்லாம் பதிவு எழுதினவர். பொழுது போகாமல் என்னோட தனகிச் சண்டை பிடிக்கிறதுதான் இப்ப அவருக்கு வேலை."

அவரையும் மேலதிகாரியையும் கேட்டு அனுமதி வாங்கினாள். செவ்வாய்க்கிழமை ரயிலில் இருவரும் போனோம். பின்னாலிருந்த இரண்டு மூதாட்டிகள் மும்முரமாகக் கதைத்தார்கள். என்னவாம் என்று கேட்டேன். "மகன் கிறிஸ்மஸுக்கு வாறன் எண்டு சொன்னவனாம், இப்ப மருமகள் வேற மாதிரிக் கதைக்கிறாவாம்" என்றாள் வசந்தி. சரி, இங்கேயும் மனிசர்தான் இருக்கிறார்கள்.

தொண்ணூற்றொரு வயதுக்காரரை எல்லாரும் வெறும் "ஹென்னிங்" என்று கூப்பிடுகிறார்கள். சமையற்காரப் பெடியன் கூட. எனக்கு வாய் வரவில்லை. வசந்தி மட்டும் "அப்பு, எழும்புங்கோ" என்று தமிழில் சொல்ல, மனிசன் எழும்பி இருந்தார். நாலு வருடமாக அப்படித்தானாம். நாங்கள் தாத்தாவைக் கூப்பிடுகிற அப்பு என்பதை ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கோப்பியும் கறுவாப் பணிசும் வந்தது. பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முதலாவது பக்கத்தைப் பார்த்தார். பிறகு வசந்தியிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில இந்தத் தீவைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது, சீனியும் கப்பலும்தான் படம் போட்டிருந்தது எண்டு சொல்லுறார்" என்றாள் வசந்தி. "இவ்வளவு சனத்தின்ர பேர் இருக்குமெண்டு நினைக்கேல்லையாம்."

அதிலே பெயர், வயது, வேலை, உடல்நிலை எல்லாவற்றுக்கும் நிரல் இருந்தது. கடைசி நிரல் குணம். நல்லது, சுமார், கெட்டது. ஆட்களை வாங்கி வைத்துக்கொண்டு அவர்களுக்கு நடத்தைச் சான்றிதழும் கொடுத்திருக்கிறார்கள்!

குடும்பப் பெயர் ஒருவருக்கும் இல்லை, தனிப் பெயர்தான், அப்படியானால் மிம்பா என்பது எங்கிருந்து வந்தது என்று ஹென்னிங் கேட்டார். அது எனக்குத் தெரியாதா? வசந்தியைப் பார்த்தேன். அவளுடைய மஞ்சள் மருத்துவ அட்டையில் வசந்தி கந்தையா என்று இருக்கிறது. கந்தையா என் சித்தப்பா, அவர் செத்துப் பதினைந்து வருடம். வந்த புதிதில் கொம்யூனில், அதாவது நகரசபைக் கந்தோரில், குடும்பப் பெயர் கேட்க, எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரைக் கொடுத்தாள். அன்று தொடக்கம் டென்மார்க் அரசாங்கம் என் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது. அவளுடைய பிள்ளைகளுக்குப் பின்னால் இருப்பது புருஷனின் பெயர், புருஷனுக்குப் பின்னால் அவருடைய தகப்பனின் பெயர். ஒரு வீட்டுக் கதவில் மூன்று பெயர்.

"மிம்பா அவரின்ர தேப்பன்ர பேர். எங்களைப் போலத்தான். சொல்லு அவருக்கு" என்றேன்.

ஹென்னிங் தலையாட்டினார். அவர்களுக்கும் முந்தி அப்படித்தானாம். பீட்டரின் மகன், ஹான்ஸின் மகன் என்று தகப்பன் பெயரில் இருந்துதான் டேனிஷ் குடும்பப் பெயர் பாதியும் வந்ததாம். இரண்டு நாட்டு வழக்கமும் ஒத்துப்போக, எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். "அப்ப ஆம்பிளையளை மட்டும் வாசிக்கச் சொல்லு, நேரம் மிச்சம். ஜேக்கப் எண்டு எத்தினை பெடியள் இருப்பினமோ. தேப்பனைப் பிடிச்சால், பெண்சாதி தானா வருவா."

செவ்வாய் பின்னேரமும் புதன் முழுவதும் ஆண்களை வாசித்தோம். வெட்டுகிறவன், வண்டிக்காரன், ஆலையில் பாகு காய்ச்சுகிறவன், ஒரு கை இல்லாதவன், காவற்காரன். ஒவ்வொரு பெயரையும் ஹென்னிங் சத்தமாக வாசித்தார். தேவையில்லை, கண்ணால் பார்த்தால் போதும் என்றேன். மாட்டேன் என்றார். நாற்பது வருடம் தேவாலயத்தில் பெயரைச் சத்தமாக வாசித்த பழக்கமாம். மூன்று வருடப் பட்டியலிலும் மிம்பா என்று ஒரு ஆண் இல்லை.

வீட்டில் பயற்றம் பணியாரத்துக்கு மா வறுத்து வைத்துக்கொண்டு வசந்தி கோபத்தில் நின்றாள். "அக்கா, சனிக்கிழமை வீட்டில விசேஷம். நீங்கள் செத்த ஆக்களைத் தேடித் திரியிறியள்."

"ஒருத்தி சாகக் கிடக்கிறாள், அது உனக்குத் தெரியேல்லையோ?" என்று பாய்ந்தேன். பெட்டை அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். இருவரும் கதைக்காமல் இருநூறு பணியாரம் சுட்டோம். எனக்கு உள்ளுக்குள் அழுகை. மிஸ் ஏர்னஸ்டீனிடம் போய் என்ன சொல்வது? தீப்பெட்டி அளவு நாட்டில் தேடிப் பார்த்தேன், உன் பூட்டனைப் பெற ஒருத்தியும் இல்லை என்றா?

வியாழக்கிழமை வசந்திக்கு மத்தியானம் வரை வேலை. கோபம் தீராமலே என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் வேலை முடிந்து நாங்கள் அறைக்குப் போனபோது ஹென்னிங் வழித்த முகத்தோடு, வெள்ளைச் சேட்டுப் போட்டு, மேசைக்கு முன்னால் நேராக இருந்தார். மத்தியானச் சாப்பாடு தொடாமல் கிடந்தது. என்னைக் கண்டதும் டேனிஷில் படபடவென்று கதைத்தார். வசந்தி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நீங்கள் சொன்னபடி வாசிச்சது பிழை எண்டு சொல்லுறார். இந்தப் பேப்பரில தேப்பன் எண்டு ஒருத்தரும் இல்லையாம். ஒரு பிள்ளைக்கும் இல்லையாம். பிள்ளையள் எல்லாம் தாய்க்குக் கீழதான் எழுதியிருக்காம். தான் பதிவு எழுதின காலத்தில தேப்பன் பேர் இல்லாத பிள்ளை ஒண்டு வந்தால் அந்த இடத்தை வெறுமையா விடேக்க மனம் ஒரு மாதிரி இருக்குமாம். இதில எல்லாப் பிள்ளைக்கும் வெறுமையாம்."

வசந்தி பேப்பரின் மேல் குனிந்தாள். அவள் ஹென்னிங்கின் விரல் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி?"

"பொம்பிளையளை வாசிச்சிருக்கிறார் அக்கா. விடியத் தொடங்கினவராம்." மெல்ல மெல்ல மொழிபெயர்த்தாள். "மிம்பா. வயசு இருபத்திரண்டு. துணி துவைக்கிறவள். உடம்பு சுகம். குணம் நல்லது. அதுக்குக் கீழ, அவளின்ர மகன் ஜேக்கப், வயசு நாலு."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்! தகப்பன் பெயரைத்தான் பிள்ளை சுமக்கும் என்று எனக்கு யார் சொன்னது? கந்தையா சொன்னார், பீட்டரும் ஹான்ஸும் சொன்னார்கள். அந்தத் தோட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு இருந்ததே ஒரு தாய்தான்.

"ஊரிலயும் எங்களை அப்பிடித்தானே கூப்பிடுறவை" என்றாள் வசந்தி. அவளுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ரோட்டில கண்டால், நீ ராசம்மான்ர பெட்டையெல்லோ எண்டு. அட்டையிலதான் கந்தையா, சனத்தின்ர வாயில அம்மாதான். அந்தப் பெடியனையும் எல்லாரும் மிம்பான்ர ஜேக்கப் எண்டு கூப்பிட்டிருப்பினம். அது ஒண்டுதான் அதுக்கு ஞாபகம் இருந்திருக்கும்."

ஹென்னிங் அடுத்த வருடப் பட்டியலை முன்னால் தள்ளினார். மிம்பா, வயது இருபத்துமூன்று, துணி துவைக்கிறவள். கீழே பிள்ளை இல்லை. அடுத்த வரியில் வேறொருத்தி. மிம்பாவின் கடைசி நிரலில், குணம் கெட்டது. அதற்கும் அடுத்த வருடம், மிம்பா, இருபத்துநாலு, குணம் கெட்டது. சொற்கேளாதவள் என்று பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தது.

அழுதேன். வெட்கம் என்ன இதில்? வசந்தியும் அழுதாள். ஹென்னிங் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஆறிப்போன கோப்பியை ஆளுக்கொரு கோப்பையில் ஊற்றினார். நடுக்கத்தில் பாதி மேசையில் போனது. ஒருவரும் துடைக்கவில்லை.

அப்போது இங்கே பின்னேரம் இரண்டு மணி, ஒஹாயோவில் காலை எட்டு. மிஸ் ஏர்னஸ்டீன் எழும்பியிருப்பார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தொலைபேசியை மேசையில் வைத்து அழைத்தேன். நலம் விசாரிக்காமல் நேராகச் சொன்னேன்.

"ஏர்னஸ்டீன், மிம்பா என்பது ஊர் இல்லை. அது அவருடைய அம்மா."

மறுபக்கம் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.  

"என்ன வேலை செய்தாள்?" என்று கேட்டார்.

"துணி துவைத்தாள். மகனைக் கொண்டுபோனபோது அவளுக்கு வயது இருபத்திரண்டோ மூன்றோ. அதற்கு முன்னால் நல்ல குணம் என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு கெட்ட குணமாம். சொன்னதைக் கேட்கவில்லையாம்."

"கேட்கக் கூடாது" என்றார் மிஸ் ஏர்னஸ்டீன். "கல்லில் அப்படியே போடச் சொல்லுகிறேன். ஜேக்கப், மிம்பாவின் மகன்."

ஹென்னிங் என்ன சொல்கிறார் என்று கேட்டார். வசந்தி காதுக்குள் சொன்னாள். அவர் மிம்பா என்ற பெயரைத் தேவாலயத்தில் வாசிப்பது போல ஒரு தரம் சத்தமாகச் சொன்னார். அது ஒஹாயோவுக்கும் கேட்டிருக்க வேண்டும். மிஸ் ஏர்னஸ்டீனின் மூச்சு எங்களுக்குக் கேட்டது.

"பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் பெயர் கூப்பிடுவார்கள், தாவா" என்றார். "டீச்சர் 'மிம்பா' என்பார். பன்னிரண்டு வருடம் நான் எழும்பி நின்று 'இருக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறேன்."